பத்திரம் ஆகாத வீட்டில் பால் காய்ச்சப் போகிறவர்களுக்கு



வீட்டுக்கு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. கிரையப் பத்திரம் மட்டும் பாக்கி. அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், இப்போதிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று ஏதோ ஒரு காரணத்தால், விற்பவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே குடிபோக நாள் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்த மடல். போகவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வீட்டுக்குள் எந்த நிலையில் போகிறீர்கள் என்பதை முதலில் காகிதத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் பெற்றவராகப் போகலாம். கிரையம் ஆகும்வரை வாடகைக்காரராகவும் போகலாம். இரண்டும் இல்லாமல் விற்பவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பிப் போனால் உங்கள் உரிமை ஒரு துளியும் கூடாது, நீங்கள் இழக்கக்கூடியதுதான் கூடும் என்பது என் வாதம்.

ஒப்பந்தத்துக்கும் கிரையத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதற்குப் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. மூலப் பத்திரங்கள் விற்பவர் வாங்கிய கடனுக்கு ஈடாக வங்கியில் கிடக்கும். பட்டா இன்னும் அவருடைய அப்பா பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் நிற்கும். உங்கள் வீட்டுக்கடன் ஒப்புதலாகி வர நாளாகும். போதாததற்குப் பதிவுச் செலவு வேறு: தமிழ்நாட்டில் சாதாரணக் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அறுபது லட்சம் ரூபாய் வீடென்றால் 5,40,000 ரூபாயை விலைக்கு மேல் புரட்டியாக வேண்டும். இந்த இடைவெளியில் வீடு யாருடையது? சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. கிரைய ஒப்பந்தம் என்பது விற்கிறேன் என்ற உறுதிமொழி. அதனால் மட்டும் அந்தச் சொத்தில் வாங்குபவருக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை. விலையில் முக்கால் பங்கைக் கொடுத்திருந்தாலும் நிலைமை இதுதான். கொடுத்த பணத்துக்குச் சொத்தின் மீது ஒரு பொறுப்பு உண்டு என்று 55-ஆவது பிரிவு சொல்வது உண்மை; ஆனால் அது பணத்தைத் திரும்பப் பெறும் வழி, வீட்டைப் பெறும் வழியல்ல. வாங்குபவரே முறையின்றிப் பின்வாங்கினால் அந்த வழியும் அடைபடும்.

‘குடிபோய்விட்டால் அப்புறம் யார் நம்மை அசைக்க முடியும்’ என்று ஊரில் சொல்வார்கள். இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் முழுப் பொய்யாக இருக்கவில்லை. 1929-இல் சொத்து மாற்றச் சட்டத்தில் 53-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அதன்படி சுவாதீனம் எடுத்து, தன் பங்கை நிறைவேற்றினவரை அல்லது நிறைவேற்றத் தயாராக இருப்பவரை, பத்திரம் பதிவாகவில்லை என்பதை மட்டும் காட்டி விற்பவர் வெளியேற்ற முடியாது என்றது அந்தப் பிரிவு. அதை வைத்துத் தடுக்கத்தான் முடியும், தாக்க முடியாது என்று 1939-இலேயே தாந்த்மாரா தேயிலைக் கம்பெனி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அதாவது, உங்களை வெளியேற்ற வந்தால் நீங்கள் நீதிமன்றத்தில் அதைச் சொல்லித் தற்காத்துக்கொள்ளலாம். வீடு எனக்குச் சொந்தம் என்று அறிவிக்கும்படி அதை வைத்துக் கேட்க முடியாது. அரைகுறையானாலும் அது ஒரு பாதுகாப்புதான். 2001-இல் நாடாளுமன்றம் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 24-க்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தம் பதிவு செய்யப்படாவிட்டால் 53-ஏ பிரிவின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. தமிழ்நாடு 2012-இல் தன் திருத்தத்தின் மூலம் இன்னும் ஓரடி முன்னே போய், கிரைய ஒப்பந்தங்களையே கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், சூரஜ் லேம்ப் வழக்கில், ஒப்பந்தமும் பவர் பத்திரமும் உயிலும் சேர்த்து எழுதிக்கொண்டு விற்பனை முடிந்ததாகச் சொல்லும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்திருந்தது. ஆக, முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு பீரோவில் வைத்திருக்கும் ஒப்பந்தம், ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லி ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் உங்களுக்குச் சான்றாகப் பயன்படலாம். நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காக்க அது உதவாது. ஊர் நம்பிக்கை பழைய சட்டத்தை வைத்து வளர்ந்தது. சட்டம் மாறி இருபது ஆண்டுக்கு மேலாகியும் அது மாறவில்லை.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறவர்கள்கூட வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பதிவுத்துறையின் கட்டண அட்டவணைப்படி, சுவாதீனம் கொடுக்காத கிரைய ஒப்பந்தத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் 1% கட்டணம். சுவாதீனம் கொடுத்தால் மொத்த விலையில் 1%. அறுபது லட்சத்துக்குப் பேசிப் பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவருக்கு முதலாவது 10,000 ரூபாய், இரண்டாவது 60,000 ரூபாய். இந்த ஐம்பதாயிரத்தை மிச்சம் பிடிக்க என்ன செய்கிறார்கள்? ‘சொத்தின் சுவாதீனம் கிரையத்தன்று ஒப்படைக்கப்படும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அடுத்த முகூர்த்தத்திலேயே சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தமே. எழுத்தில் உள்ள நிபந்தனைக்கு மாறாக, ‘வாய்மொழியாகப் பேசிக்கொண்டோம்’ என்று சொல்வதைச் சாட்சியச் சட்டம் எளிதில் அனுமதிக்காது. ஒப்பந்தப்படி சுவாதீனம் எடுத்தவருக்குத்தான் 53-ஏ பாதுகாப்பு. ஒப்பந்தமே சுவாதீனம் இல்லை என்று சொல்லும்போது நீங்கள் எதன்படி உள்ளே இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. டாக்குமென்ட் எழுத்தர் சிக்கனத்துக்காகச் சொல்லும் யோசனைதான் இது. அவர் கெட்டவரல்ல, ஆனால் வழக்கு வந்தால் கூண்டில் ஏறப்போவது அவருமல்ல.

பத்திரத்துக்கு முன் குடியிருக்கும் அந்த ஐந்தாறு மாதத்தில் என்ன நடந்துவிடும் என்று கேட்பீர்கள். விற்பவரின் வங்கிக் கடன் தவணை தவறினால் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நேரே வீட்டின் மீது கை வைக்கலாம். அடமானம் உங்கள் ஒப்பந்தத்துக்கு முந்தியது என்பதால் அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. விற்பவர் இறந்துபோனால் ஒப்பந்தம் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்பது சரி. ஆனால் இனி ஒருவருக்குப் பதில் நான்கைந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் ஒருவர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். இவையெல்லாம் குடிபோகாமல் காத்திருப்பவருக்கும் நேரக்கூடியவைதான், மறுக்கவில்லை. வித்தியாசம் நீங்கள் உள்ளே போட்டிருக்கும் பணத்தில் இருக்கிறது. குடிபோனவர் சும்மா இருப்பதில்லை. டைல்ஸ் மாற்றுகிறார், மாடுலர் கிச்சன் போடுகிறார், போர் இறக்குகிறார், மாடியில் ஷீட் வேய்கிறார். பிறர் நிலத்தில் நல்லெண்ணத்தோடு செலவு செய்தவருக்கு இழப்பீடு உண்டு என்று 51-ஆவது பிரிவு சொல்கிறதே என்றால், அது தன்னை முழு உரிமையாளர் என்று உண்மையாக நம்பியவருக்கானது. இன்னும் கிரையம் ஆகவில்லை என்று தெரிந்தே செலவு செய்தவர் அந்த நம்பிக்கையைக் காட்டுவது கடினம். வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். உரிமை மாறிய பிறகு சொத்துக்கு வரும் நட்டம் வாங்கியவரைச் சேரும் என்பது சட்டம். அதற்கு முன்பு அது விற்பவருடைய பாடு. 2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போன்ற வெள்ளம் வந்து, வீட்டுக்குள் இருப்பவர் நீங்கள், உரிமையாளர் அவர் என்றால், மின் இணைப்பு கெட்டதும் கதவு ஊறியதும் இயற்கையால் வந்த நட்டமா, குடியிருந்தவரின் கவனக்குறைவா என்ற சண்டை தொடங்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் இந்தச் சண்டைக்கே வேலையில்லை.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வீட்டுக்குள் போய்விட்டவர் காலத்தை மறந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்றோ பதினோரு மாதம் என்றோ கெடு இருக்கும். வெளியே வாடகை வீட்டில் இருக்கிறவர் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பார். உள்ளே இருப்பவருக்கோ தினமும் கோலம் போடுகிற வாசல் தன்னுடையதாகவே தெரியும். பத்திரம் எங்கே போய்விடப்போகிறது, பொண்ணு கல்யாணம் முடியட்டும், போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போகும். ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் கொடுப்பது மூன்றே ஆண்டு: ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லையென்றால் விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. வழக்குப் போட்டாலும், முதலிலிருந்து கடைசிவரை நான் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தேன் என்று காட்டும் சுமை உங்கள் தலையில். மீதிப் பணத்தைப் புரட்டாமல் ஐந்து ஆண்டு குடியிருந்தவர் அதை எப்படிக் காட்டுவார்? பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் அனுபவ பாத்தியதையில் சொந்தமாகிவிடும் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. ஒப்பந்தத்தின் பேரில் உரிமையாளரின் சம்மதத்தோடு குடியேறியவரின் இருப்பு எதிரிடை அனுபவம் ஆகாது என்று 1990-இல் அச்சல் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் கொடுத்த சாவியால் திறந்த கதவை அவருக்கு எதிராகப் பூட்டிக்கொண்டதாகக் கணக்குக் காட்ட முடியாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, நான் உள்ளே இருந்தால் விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பது கடினமாகும் என்பது. இது உண்மை, இந்த மடலுக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் கனமான வாதம் இதுதான். ஒரு சொத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அதை வாங்க வருகிறவருக்குத் தெரிந்ததாகவே சொத்து மாற்றச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு கொள்கிறது. எனக்குத் தெரியாது என்று அவர் கை விரிக்க முடியாது. ஆனால் அதே பிரிவு, பதிவான ஆவணத்தையும் அப்படியே தெரிந்ததாகக் கொள்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றிலேயே ஏறிவிடும். வருகிறவர் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கத் தேவையில்லை, சான்றை எடுத்தாலே உங்கள் பெயர் தெரியும். குடிபோய்ப் பெற நினைக்கும் அந்தப் பாதுகாப்பைக் குடிபோகாமலே பெற வழி இருக்கிறது.

இரண்டாவது, யாரும் என்னை அடியாள் வைத்துத் துரத்த முடியாது என்பது. இதுவும் சரிதான். அத்துமீறி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமை யாருடையது என்ற கேள்விக்குள் போகாமலே, திரும்ப உள்ளே வரக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முறைப்படி வழக்குப் போட்டு வெளியேற்ற வரும்வரைதான். வழக்கு நடக்கும் பத்து வருஷமும் குடியிருக்கலாமே என்று நினைப்பவர்கள், அந்தப் பத்து வருஷமும் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பதையும், பெரும்பணம் அதில் முடங்கிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏற்றதை ஆற்றும்படி உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இல்லாமல் போய்விட்டதே என்று சட்டம் தெரிந்த சிலர் சொல்வார்கள். ஆம், ஆனால் நான் தயாராக இருந்தேன் என்று நிரூபிக்கும் கடமையை அந்தத் திருத்தம் எடுத்துவிடவில்லை.

மூன்றாவது மறுப்பு சட்டப் புத்தகத்தில் இல்லாதது: விற்பவர் எங்கள் சித்தப்பா, அல்லது முப்பது வருஷப் பழக்கம். அவரிடம் போய்ப் பதிவு, வாடகை ஒப்பந்தம் என்று பேசினால் மனஸ்தாபம் வரும். வரலாம். ஆனால் சித்தப்பாவோடுதான் உங்களுக்குப் பழக்கம். அவருடைய மருமகனோடும், அவருக்குக் கடன் கொடுத்த வங்கியோடும் அல்ல. மேலும், இந்த எழுத்து அவருக்கும் காப்பு. நீங்கள் குடியேறிவிட்டு மீதிப் பணத்துக்கு இழுத்தடித்தால் அவர் நிலை என்ன? பதிவு செய்த ஒப்பந்தத்தின்படி சுவாதீனம் கொடுத்தாலே வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் சொத்து கைமாறியதாகி, மூலதன ஆதாய வரி அந்த ஆண்டே அவர் மேல் விழக்கூடும். முழுப் பணமும் கைக்கு வராமலே வரி கட்ட வேண்டியிருக்கும். இதை முன்கூட்டி அவருக்குச் சொல்வது உறவைக் காப்பதில்தான் சேரும்.

அப்படியென்றால் ஆடிக்கு முன் போயே தீர வேண்டியவர் என்ன செய்யலாம்? என் கணிப்பில் பலருக்கும் பொருந்துவது வாடகை வழிதான். கிரைய ஒப்பந்தத்தைச் சுவாதீனம் இல்லாமல், முன்பணத்துக்கு 1% கட்டிப் பதிவு செய்யுங்கள். குடிபோவதற்குத் தனியாக ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். அதில் காலம், வாடகை, கிரையம் நடக்காவிட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், அதுவரை சுவரில் ஆணிக்கு மேல் எதுவும் செய்யக்கூடாது என்பவை இருக்கட்டும். வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். நீங்கள் வாடகைக்காரரா, வாங்கியவரா என்ற குழப்பம் அங்கேதான் முளைக்கிறது. வாங்கப்போகிற வீட்டுக்கே வாடகையா என்று வலிக்கும். நீங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கும் அதைக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? வாடகைக்காரரை எழுப்ப முடியாது என்று விற்பவர் அஞ்சினால், ஒரு தாளும் இல்லாமல் குடியேறியவரை எழுப்புவது அதைவிடக் கடினம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பகுதி விலையைக் கொடுத்துவிட்டவர்கள் மட்டும் அந்தக் கூடுதல் கட்டணத்தைப் பார்க்காமல் சுவாதீனத்தோடு கூடிய ஒப்பந்தமாகவே பதிவு செய்வது நல்லது. அவர்களுக்கு 53-ஏ பாதுகாப்பு தேவைப்படும். வழக்குப் போடும் காலவரம்பு கடந்த பிறகும் அந்தத் தற்காப்பு நிற்கும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்குச் சட்டம் வேறு என்பதால் சுருக்கமாக ஒரு குறிப்பு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கவே கூடாது. பணி நிறைவுச் சான்று வருவதற்கு முன், உட்புற வேலை செய்துகொள்ளுங்கள் என்று சாவியை நீட்டுவார்கள். அந்தச் சாவியோடு, எல்லாம் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு கடிதமும் கையெழுத்துக்கு வரும். தாமதத்துக்கான வட்டி ஒப்படைக்கும் நாளோடு நிற்கும், கட்டுமானக் குறைகளுக்கான ஐந்து ஆண்டுப் பொறுப்பு அன்றுதான் தொடங்கும். எந்த நாளை ஒப்படைத்த நாள் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். லிஃப்ட்டும் மின் இணைப்பும் வராத வீட்டுக்கு அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

இந்த மடல் கைக்கு வருவதற்குள் பால் காய்ச்சி முடித்துவிட்டவர்களும் இருப்பீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை இன்று எடுத்து அதில் கையெழுத்தான தேதியைப் பாருங்கள். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எந்த ஆவணத்தையும் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். அதைத் தாண்டியிருந்தால் தக்க காரணம் காட்டி, அபராதம் கட்டி, மேலும் நான்கு மாதம் வரை பதிவாளர் அனுமதிக்கலாம். அதுவும் கடந்துவிட்டால் அந்தத் தாளுக்குப் பதிவு இல்லை. இதுவரை கொடுத்த தொகைகளை ரசீதோடு குறிப்பிட்டு, சாவி வாங்கிய தேதியை உள்ளபடி எழுதி, விற்பவரோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிய ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியதுதான். அதற்குப் போகும்போது அன்றைய தேதிக்கு ஒரு வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். விற்பவர் உங்களோடு நல்ல உறவில் இருக்கும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் ஒருவர்